மரத்தரையில் ஐந்து விரல்

டிசம்பர் 9, செவ்வாய்.

இன்றைய சிறு தவறு: ஏழு மணி பஸ்ஸைத் தவறவிட்டேன். அப்பாவிடம் கேட்காமல் அவருடைய மொபெட்டை எடுத்துக்கொண்டு போனேன். அம்மாவிடம் சொல்லிவிட்டுத்தான் எடுத்தேன். இருந்தாலும் தவறு.

நாளைய வேலை: ஒவ்வொருவர் கையையும் கவனிப்பது.

இதை எழுத சத்தியபாமாவுக்கு அரைமணி நேரம் ஆயிற்று. முதலில் ‘பெரிய தவறு’ என்று எழுதினாள். அடித்தாள். வெறும் ‘தவறு’ என்று எழுதினாள். யோசித்துவிட்டு ‘சிறு’வை மேலே செருகினாள். கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டுக்கு எதிர் மாடியில் அவள் போகும் மாலை நேர ஆங்கில வகுப்பில் தினமும் டைரி எழுதச் சொல்லியிருந்தார்கள். செய்த தவறு ஒன்று, மறுநாள் செய்ய வேண்டிய வேலை ஒன்று. ஆங்கிலம் வரும்வரை தமிழில் எழுதலாம். மூன்று மாதமாகத் தமிழில்தான் எழுதிக்கொண்டிருந்தாள்.

ஆனால் அன்றைக்கு அவள் மனசை அரித்தது மொபெட் இல்லை. கஜகஸ்தான் அணியின் கேப்டன்.

சத்தியபாமா வேலை பார்க்கும் கல்லூரியின் உள்விளையாட்டு அரங்கில் அன்று காலையில்தான் சர்வதேச மகளிர் ஹேண்ட்பால் சாம்பியன்ஷிப் தொடங்கியிருந்தது. ஆறு நாட்டுப் பெண்கள் வந்து இறங்கியிருந்தார்கள். ஹாக்கி மட்டையோடு பிறந்து வளர்ந்த ஊர், பந்தைக் கையால் எறிந்து கோல் போடும் ஆட்டத்தைப் பார்த்ததில்லை. அதற்காகவே கூட்டம் கூடியிருந்தது.

தாளாளர் பூவனலிங்கம் மட்டும் ஆட்டத்தைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த மரத்தரை கப்பலில் வந்தது. அவர் அதன்மேல் கால் வைக்கும்போது செருப்பைக் கழற்றிவிடுவார். போட்டி நடத்த இடம் கேட்டு வந்தவர்களிடம் அவர் போட்ட ஒரே நிபந்தனையும் தரையைப் பற்றித்தான். ஹேண்ட்பால் ஆடுகிறவர்கள் பந்து நழுவாமல் இருக்க விரலில் ஒருவகைப் பசை தடவிக்கொள்வார்களாம். அது பந்தில் ஒட்டி, தரையில் ஒட்டி, பிறகு போகவே போகாதாம். பசை அரங்குக்குள் வரக்கூடாது. எல்லா நாடும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தது.

அரங்குக்குப் பொறுப்பு சத்தியபாமா. தற்காலிக ஊழியர். ஜனவரியில் நிரந்தரம் என்று தாளாளர் சொல்லியிருந்தார். முந்தின நாள் அவளைக் கூப்பிட்டு அதைத் திருத்தியும் சொல்லியிருந்தார்.

“தரை இப்ப எப்படி இருக்கோ அப்படியே இருந்தா நீ நிரந்தரம். தரையில ஒரு கறை இருந்தா கறை நிரந்தரம். நீ இல்ல.”

அதனால்தான் பஸ் போனதும் அவள் பதறிவிட்டாள். அப்பா கருத்தையா விடிவதற்கு முன்பே மொபெட்டில் பருத்திக் காட்டுக்குப் போய்விட்டுத் திரும்பி, டீக்கடைக்கு நடந்து போயிருந்தார். வண்டி வாசலில் நின்றது. கைப்பிடியில் எண்ணெயில் ஊறிய கந்தல் ஒன்று கட்டியிருந்தது. அப்பா வண்டியை வைத்திருக்கும் லட்சணத்தை நினைத்துக்கொண்டு, வெளிநாட்டுக்காரர்கள் முன்னால் எண்ணெய்க் கறையோடு நிற்கக்கூடாதென்று, கந்தலை இரண்டு விரலால் அவிழ்த்து வண்டிப் பெட்டிக்குள் போட்டாள். இடைசெவலில் இருந்து கோவில்பட்டி வரும்வரை பதற்றத்தில் உள்ளங்கை வேர்த்துக்கொண்டே இருந்தது.

அரங்க வாசலில் கஜகஸ்தான் கேப்டன் ஐகுல் அவளுக்குக் கை கொடுத்தாள். நல்ல உயரம், நல்ல பிடி. கையை விடுவித்த பிறகுதான் சத்தியபாமாவுக்குத் தெரிந்தது, பிசுபிசுவென்றிருந்தது. அட்டவணைத் தாளை எடுத்தாள். தாள் கையை விட்டுப் போக மறுத்தது. அவள் நிமிர்ந்து ஐகுலைப் பார்த்தாள். ஐகுலும் தன் உள்ளங்கையை ஒருமுறை பார்த்துவிட்டு, இவளைப் பார்த்துச் சிரித்தாள்.

அது குற்றவாளியின் சிரிப்பு என்று சத்தியபாமா முடிவு செய்தாள். பிறகு, முடிவு செய்ய நாம் யார் என்றும் நினைத்துக்கொண்டாள்.

சாயங்காலம் அரங்கைக் கூட்டிப் பெருக்கும் சங்கரம்மாள் அவளைக் கூப்பிட்டுக் காட்டினாள். கோல் கம்பத்துக்குப் பக்கத்தில் தரையில் ஒரு கை. ஐந்து விரலும் தெளிவாக இருந்தன.

“யாரோ விழுந்து எந்திரிச்சிருக்கா. சோப்புப் போட்டுத் தேச்சேன். விரல் போகல, சோப்புத்தான் போச்சு” என்றாள் சங்கரம்மாள்.

சத்தியபாமா அதன்மேல் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, ‘யாரும் அமரக் கூடாது’ என்று எழுதி ஒட்டினாள். ஆட்ட நேரத்தில் மட்டும் நகர்த்திக்கொள்ளலாம்.

புதன்கிழமை அவள் ஒரு திட்டத்தோடு வந்தாள். அன்றும் மொபெட்தான், பஸ்ஸை நம்ப முடியாது. அப்பா மறுபடியும் ஒரு கந்தலைக் கட்டி வைத்திருந்தார். மறுபடியும் அவிழ்த்துப் பெட்டிக்குள் போட்டாள்.

திட்டம் இதுதான். விருந்தாளிகளை நிறுத்தி வைத்துக் கையைக் காட்டு என்று கேட்க முடியாது. ஆனால் வாசலில் நின்று ஒவ்வொருவருக்கும் கை கொடுத்து வரவேற்கலாம். மரியாதைக்கு மரியாதை, சோதனைக்குச் சோதனை. பிசுபிசுக்கும் கை எதுவோ அதுதான் கள்ளக்கை.

முதலில் கஜகஸ்தான் வந்தது. பிசுபிசுத்தது. அடுத்தது நேபாளம். அதுவும் பிசுபிசுத்தது. மூன்றாவது இலங்கை வந்தபோது அவள் முகம் மாறிவிட்டது. இந்திய அணிப் பெண்களின் கையும் அப்படியே இருந்ததைக் கண்டபோது, யாரையும் நம்பக்கூடிய உலகம் இல்லை இது என்று தோன்றியது. ஆறு நாடும் ஒன்றுசேர்ந்துவிட்டது.

ஒரே ஒருத்தி மட்டும் கை கொடுக்கவில்லை. கஜகஸ்தான் கோல்கீப்பர் டாரியா. அவள் கைகளைக் கூப்பி அழகாக வணக்கம் சொல்லிவிட்டு உள்ளே போனாள். சத்தியபாமா கையை நீட்டியபோதும் ஒரு எட்டு பின்னால் போய் மறுபடி வணக்கம் சொன்னாள்.

“நம்ம ஊர் மரியாதையைக் கத்துக்கிட்டாளே” என்றாள் சங்கரம்மாள்.

“மரியாதை இல்லக்கா. கையைக் காட்டப் பயப்படுதா. சரக்கு மொத்தமும் அவகிட்டதான் இருக்கு.”

அன்றைய ஆட்டங்களில் பந்து சொன்னபடி கேட்டது. தூரத்தில் இருந்து ஒற்றைக் கையால் வாரி எறிந்த பந்தெல்லாம் வலைக்குள் போயிற்று. ஹாக்கிப் பெரியவர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். சாயங்காலம் சங்கரம்மாளும் சத்தியபாமாவும் தரையைச் சுற்றி வந்தார்கள். நாற்காலி போதவில்லை. பக்கத்து வகுப்பறையில் இருந்து பெஞ்சு கொண்டுவர வேண்டியிருந்தது.

வியாழக்கிழமை வாசலில் ஒரு வாளி நிறைய சோப்புத் தண்ணீர் வைத்தாள். எல்லோரும் கை கழுவிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். விருந்தாளிகள் தப்பாக நினைத்துவிடக் கூடாதே என்று முதல் ஆளாகத் தானே கழுவிக் காட்டினாள். அதே வாளியில் ஆறு நாடும் கழுவியது. கழுவிய கையைத் துடைத்ததும் அவள் வழக்கம்போலக் கை கொடுத்துச் சோதித்தாள். கழுவாத நாளே தேவலை போல இருந்தது.

விசித்திரம் என்னவென்றால், அவர்களுக்கு இந்தச் சோதனை பிடித்துவிட்டது. வாசலில் வரிசை நின்றது. ஒருமுறை கை கொடுத்துவிட்டுப் போனவள் வரிசையின் பின்னால் வந்து மறுபடி நின்றாள். ஐகுல் அவள் கையை இரண்டு கையாலும் பிடித்து, முன்னும் பின்னும் திருப்பி, விரல் இடுக்கெல்லாம் தடவி நன்றி சொன்னாள். மத்தியானம் சாப்பாட்டுப் பொட்டலம் வாங்க பஜாருக்கு மொபெட்டில் போய்வந்து இறங்கியபோது, வண்டி நிறுத்தும் இடத்துக்கே நாலு பேர் கையை நீட்டிக்கொண்டு ஓடி வந்தார்கள்.

‘காக்காய் பிடிக்கிறார்கள்’ என்று நினைத்தாள் சத்தியபாமா. ஆனாலும் கை கொடுத்தாள். சோதனையில் பாரபட்சம் காட்டக்கூடாது.

பின்னேர ஆட்டத்தில் நடுவர் ஐகுலுக்கு மஞ்சள் அட்டை காட்டினார். எதற்கு அட்டை என்று சங்கரம்மாள் கேட்டாள். எச்சரிக்கை என்று விளக்கிவிட்டுச் சத்தியபாமா சொன்னாள்.

“எங்கப்பாவும் பருத்திக்குள்ள மஞ்சள் அட்டைதான் கட்டித் தொங்கவிடுதாரு. வெள்ளை ஈக்கு.”

“ஈ பயந்து வெளிய போயிருமா?”

“எங்க போக. அதுலயே இருந்துரும்.”

சங்கரம்மாள் சிரித்தாள். சத்தியபாமா சிரிக்கவில்லை. டாரியாவின் ஷூப் பை ஆட்டக்காரர்கள் உடை மாற்றும் அறையில் இருக்கிறது, டாரியா ஆட்டத்தில் இருக்கிறாள் என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. பசையை ஷூவின் குதிகாலில் ஒளித்து வைப்பார்கள் என்று அவள் எங்கோ படித்திருந்தாள்.

உள்ளே ஒரு ஷூவை எடுத்துத் தடவினாள். பார்த்தாள். தெளிவாகத் தெரியாததால் மூக்கை உள்ளே விட்டு முகர்ந்தாள். அந்த நேரம் பார்த்து இடைவேளை விட்டார்கள்.

வாசலில் டாரியா நின்றாள். பக்கத்தில் மொழிபெயர்ப்பாளர் இசக்கிசெல்வி. விளாத்திகுளத்துப் பெண், கஜகஸ்தானில் டாக்டருக்குப் படித்துவிட்டு வந்து, இங்கே எழுத வேண்டிய பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். அணிக்குப் பேச்சுத் துணையாக வந்திருந்தாள்.

“என்னக்கா செய்யுதீங்க?”

“ஒண்ணுமில்ல. ஷூ நல்லா இருக்கேன்னு பாத்தேன்.”

இசக்கிசெல்வி அதை மொழிபெயர்த்தாள். டாரியா சத்தியபாமாவின் காலைப் பார்த்தாள். தேய்ந்த ரப்பர் செருப்பு. டாரியாவின் கண் கலங்கிற்று. அவள் நீளமாக ஏதோ சொன்னாள். இசக்கிசெல்வி அதைத் தமிழில் சொல்லாமல் தலையை மட்டும் ஆட்டினாள்.

மறுநாள் காலை கஜகஸ்தான் அணி மொத்தமும் வாசலில் நின்று, ரிப்பன் கட்டிய பெட்டி ஒன்றைச் சத்தியபாமாவிடம் கொடுத்துக் கைதட்டியது. உள்ளே புது ஷூ. அந்தக் கைதட்டலைக் கேட்டுத் தாளாளர் வெளியே வந்தார். அவர் பெட்டியைப் பார்த்தார். ஷூவைப் பார்த்தார். கடைசியாகச் சத்தியபாமாவைப் பார்த்தார்.

“ஓகோ” என்றார். அந்த ஒரு சொல்லே அவளுக்குப் போதுமாக இருந்தது.

அன்று அரையிறுதி. அவளிடம் கடைசியாக ஒரு திட்டம் இருந்தது. முந்தின நாள் சாயங்காலமே அதைத் தொடங்கியிருந்தாள். பந்துகள் அரங்கில் இருந்தால்தானே யாரும் தொட முடியும்? சங்கரம்மாளை வைத்துக்கொண்டு பந்துகளை எல்லாம் மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, வலைப் பையில் போட்டு வாயைக் கட்டி, மொபெட் கைப்பிடியில் மாட்டி வீட்டுக்குக் கொண்டுபோயிருந்தாள். தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்கினாள். வெள்ளிக்கிழமை காலை அதேபோல மாட்டிக்கொண்டு வந்தாள். தாளாளர் முன்னாலேயே பையை அவிழ்த்து, ஒவ்வொரு பந்தாகத் தன் கையால் எடுத்து மேஜையில் அடுக்கினாள்.

“பாத்துக்கிடுங்க சார். இதுவரைக்கும் ஒரு ஆட்டக்காரியும் தொடல.”

தாளாளர் ஒரு பந்தை எடுத்துப் பார்த்தார். மேஜையில் வைக்கப் போனார். பந்து கையோடு வந்தது. உதறினார். மற்றக் கையால் பிடித்து இழுத்தார். பிறகு அது அந்தக் கையில் இருந்தது.

“பந்து எங்க இருந்துச்சு?”

“எங்க வீட்டுல சார்.”

“யாரு தொட்டா?”

“என்னைத் தவிர யாரும் தொடல சார்” என்று பெருமையாகச் சொல்லத் தொடங்கியவள், வாக்கியத்தின் பாதியில் அதன் அர்த்தம் தனக்கே தெரிந்து, மெதுவாக முடித்தாள்.

தாளாளர் அவளை அலுவலக அறைக்குக் கூப்பிட்டார். முதல் நாள் ஒரு கை. இப்போது தரையில் பெஞ்சும் நாற்காலியும் இல்லாத இடத்தைத் தேட வேண்டியிருக்கிறது. பசையைத் தடுக்க வேண்டியவள் அவள். ஷூ வாங்கியவளும் அவள். வெளிநாட்டுக்காரிகள் அவளைக் கண்டால் வரிசை கட்டுகிறார்கள். பந்து அவள் வீட்டில் இருந்து பசையோடு வருகிறது. இதையெல்லாம் அவர் கோபமாகச் சொல்லவில்லை. வருத்தமாகச் சொன்னார். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

“நாளைக்குக் காலையில பைனலுக்கு முன்ன எனக்குப் பதில் வேணும். பதில் இருந்தா வா. இல்லேன்னா வர வேண்டாம்மா.”

அன்று முழுக்க அவள் எல்லோரையும் சந்தேகப்பட்டுப் பார்த்தாள். சங்கரம்மாள்தான் பந்துகளைத் துடைக்கக் கூட இருந்தவள். இசக்கிசெல்வி கஜகஸ்தானில் ஆறு வருஷம் சோறு தின்றவள். தாளாளரே தன் தரையைத் தானே கெடுத்துவிட்டுப் புதுத் தரை போட வழி பார்க்கிறாரோ என்றும் ஒரு நிமிஷம் நினைத்தாள். மாலையில் இசக்கிசெல்வி அவளைத் தேடி வந்தாள்.

“அக்கா, நாளைக்குப் பைனல்லயும் நீங்கதான் வாசல்ல நிக்கணும்னு ஐகுல் கேக்கச் சொன்னா.”

“எதுக்கு?”

“அவ சிரிக்கா, சொல்ல மாட்டேங்கா. எதுத்து ஆடப்போற டீம்லயும் இதையேதான் கேக்காவ. ரெண்டு பக்கத்துக்கும் சரிசமமாக் கை கொடுக்கணுமாம். அது ரொம்ப முக்கியமாம். டாரியாவுக்கு மட்டும் வேண்டாமாம், பந்தைத் தட்டிவிடுத கைக்கு ஆகாதாம்.”

எதிரெதிர் அணிகளே கூட்டுச் சேர்ந்துவிட்டன என்றால் சதி எவ்வளவு ஆழமானது என்று சத்தியபாமாவுக்குப் புரிந்தது. ஆங்கில வகுப்புக்குப் போக மனமில்லை. நேரே வீட்டுக்கு வந்தாள்.

மற்ற நாட்களில் அவள் வகுப்பு முடிந்து வரும்போது அப்பா தூங்கியிருப்பார். அன்று வெளிச்சம் இருக்கும்போதே வந்துவிட்டதால், வாசல் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தார். நாலு நாளாக வண்டியைக் கேட்காமல் எடுத்ததற்கு என்ன சொல்லப்போகிறாரோ என்று அவள் வண்டியை மெதுவாக நிறுத்தினாள். அவர் அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. வேலை எப்படி என்று கேட்டார். அவள் அடக்கி வைத்திருந்ததை எல்லாம் கொட்டிவிட்டாள். நாளையோடு வேலை போய்விடும், யாரோ பசை கொண்டு வருகிறார்கள், யாரென்று கண்டுபிடிக்க முடியவில்லை, தன் மேலேயே பழி வந்துவிட்டது என்று சொல்லி அழுதாள்.

அவர் கேட்டுக்கொண்டே எழுந்து போய் வண்டிப் பெட்டியைத் திறந்தார். ஒரு கந்தலை எடுத்தார். இன்னொன்றை எடுத்தார். நான்கையும் எடுத்து வரிசையாகச் சீட்டின் மேல் போட்டார். மகள் அழுவதைப் பார்க்காமல் அவற்றையே பார்த்தார்.

“ஏட்டி, வெள்ளை ஈ அட்டைக்கு ஒட்டுப்பசை பூசிட்டு அதே கையோடதான வண்டிய ஓட்டிட்டு வாரேன். விளக்கெண்ணெய் போட்டுத் தொடைக்காம கைப்பிடியத் தொட்டா நீ தொடுததெல்லாம் ஒட்டுமேன்னு தெனமும் துணியை நனைச்சுக் கட்டி விட்டா, நீ ஒருநாளும் தொடைக்கவே இல்லையா?”

டிசம்பர் 12, வெள்ளி.

இன்றைய தவறு: செவ்வாய்க்கிழமை எழுதியதேதான். ‘சிறு’வை அடித்துவிட்டேன்.

நாளைய வேலை: ஏழு மணி பஸ்ஸில் போவது. விளக்கெண்ணெயும் கந்தலும் எடுத்துப் போய், பைனலுக்கு முன் தரையில் இருக்கிற கைகளை எல்லாம் துடைத்து எடுப்பது. பிறகு தாளாளரைப் பார்த்துப் பதில் சொல்வது. அவருக்கு வணக்கம் மட்டும் சொல்ல வேண்டும். கை கொடுக்கக் கூடாது.